சிறிய கடல் மீன் தொட்டி: முதலில் தண்ணீர், பிறகுதான் மீன்

வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "சின்னத் தொட்டியாக வாங்கிப் பழகுங்கள். கை வந்த பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இடம் குறைவு, செலவு குறைவு, தவறிப்போனால் நட்டமும் குறைவு. நன்னீர் மீனுக்கு இது ஓரளவு பொருந்தும். கடல் மீன் விஷயத்தில் தலைகீழ். தொட்டி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு அனுபவம் தேவைப்படும். மேசை மேல் வைக்கும் 20 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு கோமாளி மீன்களை வருடக்கணக்கில் வாழவைப்பவர் தேர்ந்த கை. அது புதியவர் தொடங்கும் இடமன்று.

அதற்காக அறையை அடைக்கும் தொட்டி வேண்டும் என்று சொல்லவில்லை. நூறு லிட்டரை ஒட்டிய தொட்டியில் நன்றாகவே தொடங்கலாம். அந்த நூறு எங்கிருந்து வருகிறது, அதற்குள் எந்த மீன் அடங்கும், எது அடங்காது என்பதைப் புரிந்துகொள்ள, மீனை விட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

ரசம் சுண்டினால் கரிக்கும்

அடுப்பில் வைத்த ரசத்தை மறந்துவிட்டால் சுண்டிப்போய்க் கரிக்கும். யாரும் கூடுதலாக உப்புப் போடவில்லை. தண்ணீர் ஆவியாகிப் போனது, உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிட்டது. சரிசெய்ய வெறும் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். கல்யாண வீட்டு அண்டாவில் ஒரு டம்ளர் சுண்டினால் யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கு வைத்த ரசத்தில் ஒரு டம்ளர் சுண்டினால் வாயில் வைக்க முடியாது.

கடல் மீன் தொட்டியிலும் நாள்தோறும் இதுதான் நடக்கிறது, அடுப்பு இல்லாமலே. ஒரு கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. இந்த அளவைத்தான் உவர்ப்பளவு என்கிறோம். கடைக்காரர்கள் பெரும்பாலும் இதை ஒப்படர்த்தியாகச் சொல்வார்கள்: நல்ல தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்கிற கணக்கு அது. 35 கிராம் உப்புள்ள நீருக்கு அது சுமார் 1.026.

இனிக் கொஞ்சம் கணக்கு. நம் ஊரில் தொட்டியை அடிக்கணக்கில்தான் விற்கிறார்கள். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 57 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 45 லிட்டர் தேறும். கோடையில் மின்விசிறிக்கு அடியில் இருக்கும் அந்தத் தொட்டியிலிருந்து நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் 41 லிட்டர்தான் இருக்கும், ஆனால் உப்பு முழுதும் அப்படியே இருக்கும். 35 ஆக இருந்த உவர்ப்பளவு 38-ஐத் தாண்டியிருக்கும். நீளத்தை மாற்றாமல் அகலத்தையும் உயரத்தையும் ஒன்றரை அடியாக்கிய தொட்டியில் சுமார் 100 லிட்டர் நிற்கும். நீர்ப்பரப்பு கூடுவதால் அங்கே நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகலாம். அப்படியிருந்தும் நான்கு நாளில் உவர்ப்பளவு 37-ஐச் சற்றே தாண்டும். இதுவும் நல்லதல்ல. ஆனால் 38-க்கு மேல் போன தொட்டியோடு ஒப்பிட்டால், ஏறியது மூன்றில் இரண்டு பங்குதான்.

மூன்று கிராம் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது? மீனின் உடலுக்குள் பார்த்தால் தெரியும். கடலில் வாழும் எலும்பு மீனின் உடல் திரவத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் கசியும் என்பது இயற்கை. எனவே தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் கடல் மீன் ஓயாமல் தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறது. அதை ஈடுகட்டக் கடல் நீரைக் குடிக்கிறது, கூடவே உள்ளே வந்த உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. இதற்கெல்லாம் சக்தி செலவாகும். சுற்றியுள்ள உப்பு சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ இந்த வேலை திடீரென்று மாறுகிறது, மீன் தளர்கிறது, நோய்க்கு வழி திறக்கிறது. மெல்ல ஏறும் மாற்றத்தைப் பல மீன்கள் தாங்கிக்கொள்ளும். நான்கு நாள் கழித்து வந்தவர் பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை மடமடவென்று ஊற்றுவதைத் தாங்காது.

சுருக்கமாக: ஆவியாவது தண்ணீர் மட்டும், ஆகவே ஈடுகட்டவும் உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும், தினமும், கொஞ்சம் கொஞ்சமாக. மறதிக்காரர்களுக்கு ஆட்டோ டாப்-ஆஃப் என்றொரு கருவி இருக்கிறது. நீர்மட்டம் இறங்கியதும் பக்கத்து வாளியிலிருந்து தானே நீரை ஏற்றிவிடும். தொட்டி சிறிதானால் இது ஆடம்பரமே அல்ல.

கல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகாதா?

ஆகாது. ஏன் என்பதற்குத் தூத்துக்குடி உப்பளங்களே விளக்கம். கடல் நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் வற்றவைக்கும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். பிறகு சோடியம் குளோரைடு, அதாவது நாம் சாப்பிடும் உப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை படியாமல் கசப்பு நீரில் தங்கிவிடும். சாப்பாட்டு உப்புக்கு இந்தப் பிரிப்பு அவசியம், இல்லையென்றால் கசக்கும். மீன் தொட்டிக்கு அதுவே குறை. கடல் நீரில் உள்ள உப்புகளில் சுமார் 85 சதவீதம்தான் சோடியமும் குளோரைடும். மீதி 15 சதவீதத்தில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் இருக்கின்றன. கல் உப்பில் இந்த மீதி ஏறக்குறைய இல்லை. அயோடின் சேர்த்த தூள் உப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையில் மீதிப் பொருள்களையும் உரிய அளவில் சேர்த்திருப்பார்கள்.

"கடற்கரையே பக்கத்தில் இருக்கிறது, ஒரு கேன் பிடித்துவந்தால் போதாதா?" என்று சென்னைவாசிகள் கேட்பதுண்டு. கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் பிடித்த தண்ணீரை நம்பி விலை கொடுத்து வாங்கிய மீனை அதில் விட எனக்குத் துணிவு வராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முகத்துவாரங்களுக்கு அருகே கடல் நீரின் உவர்ப்பும் இறங்கிவிடும். படகில் ஆழக் கடலுக்குப் போய் எடுத்து, வடிகட்டி, இருட்டில் வைத்திருந்து பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு ஏற்பாடு.

உப்புக் கலவையைக் கரைக்க என்ன தண்ணீர்? ஆழ்துளைக் கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் என்னென்ன கரைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. குழாய் நீரில் குளோரினும் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. ஆனால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பு உண்டு. அந்த அமைப்புக்குள் போகாத தண்ணீரை எடுத்து, கரைந்துள்ள தாதுக்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் வைத்துப் பாருங்கள், எண் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். உவர்ப்பளவை அளக்க, மிதக்கும் முள் வைத்த மலிவான கருவியைவிட ரிஃப்ராக்டோமீட்டர் மேல். ஒரு சொட்டு நீரில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து உப்பைச் சொல்லும் கையடக்கக் குழாய் அது.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

தொட்டி வந்துவிட்டது, உப்பு நீரும் தயார். அன்று மாலையே மீனை விட்டால் ஒரு வாரத்தில் பெரும்பாலும் செத்துவிடும். "கடல் மீன் ராசியில்லை" என்று சொல்லித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. இது நஞ்சு. கடலில் அது கரைந்து காணாமல் போய்விடும், தொட்டியில் போக இடமில்லை. இங்கே உதவிக்கு வருபவை இருவகைப் பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்தச் சங்கிலிக்கு நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. கல்லின் துளைகளிலும், மணலிலும், வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக் குடியேறுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும்.

நன்னீர்த் தொட்டிக்கும் இதே சுழற்சிதான் என்றாலும் கடல் நீரில் ஒரு சிக்கல் கூடுதல். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும்; ஒன்று அதிக நஞ்சு, மற்றொன்று குறைந்த நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. காரத்தன்மையைச் சொல்லும் எண்ணான பி.எச். கடல் நீரில் 8.2 அளவில் நிற்கும். பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் கொடிய வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொண்ட அலட்சியத்தை இங்கே தாங்காததற்கு இது ஒரு காரணம்.

பழைய பழக்கம் ஒன்றைக் கண்டிக்காமல் போக முடியவில்லை. சுழற்சியைத் தொடங்க "இரண்டு டாம்செல் மீனை விடுங்கள், செத்தால் போகட்டும், மலிவுதானே" என்பார்கள். அந்த மீன் தன் செவுள் எரிய எரிய உங்கள் தொட்டியைத் தயாரித்துத் தர வேண்டிய அவசியமே இல்லை. ஒரு துண்டு இறாலையோ சிட்டிகை மீன் தீனியையோ போட்டு அழுகவிட்டால் போதும். அம்மோனியம் குளோரைடு கிடைத்தால் இன்னும் சுத்தம். சோதனைக் குப்பிகளால் அளந்து பாருங்கள்: அம்மோனியா ஏறி இறங்கும், அதன்பின் நைட்ரைட் ஏறி இறங்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேர்த்த பிறகு ஒரே நாளில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். அதுவரை வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமைதான் இந்தப் பொழுதுபோக்கின் நுழைவுத் தேர்வு.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால்: தண்ணீர் கூடக்கூட உப்பும் அம்மோனியாவும் வெப்பமும் மெல்ல மாறும், கவனித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். தொட்டியின் அளவை வாங்குகிறபோது உண்மையில் வாங்குவது அந்த அவகாசத்தைத்தான்.

எத்தனை லிட்டர், எங்கே வைப்பது

என் பரிந்துரை, தண்ணீரே சுமார் 100 லிட்டர் நிற்கும் தொட்டி. மேலே சொன்ன இரண்டு அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை. இடமே இல்லையென்றால் 60 லிட்டர். ஆனால் அப்போது மீன்களின் எண்ணிக்கையை இரண்டோடு நிறுத்த வேண்டும். ஒரே கொள்ளளவில் உயரமான தொட்டியும் அகலமான தொட்டியும் இருந்தால் அகலமானதை எடுங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜன் நீர்ப்பரப்பு வழியாகத்தான் கரைகிறது, ஒல்லியான கோபுரத் தொட்டியில் அந்தப் பரப்பு குறைவு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்துவைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் கடல் நீரால் 7 மில்லிகிராம்கூட முடியாது. கோளவடிவக் கண்ணாடிக் கிண்ணம் கடல் மீனுக்கு மட்டுமல்ல, எந்த மீனுக்குமே கொடுமை.

எடை முக்கியம். நூறு லிட்டர் நீர் நூறு கிலோவுக்கு மேல், கல்லும் கண்ணாடியும் சேர்த்தால் நூற்றைம்பதை நெருங்கும். டி.வி. ஸ்டாண்டு தாங்காது.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துத் தொட்டி வாங்குகிறவர்கள் ஹீட்டர் வாங்குவதில் குறியாக இருப்பார்கள். நம் ஊரில் எதிரி குளிர் அல்ல, வெயில். வெப்பமண்டலக் கடல் மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை உகந்தது. மே மாதத்தில் ஏ.சி. இல்லாத மதுரை வீட்டு அறையில் தண்ணீர் 32-ஐத் தாண்டுவது சாதாரணம். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்களே வெப்பம் தாளாமல் வெளுத்துப்போயின என்றால் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் விசிறி குளிரவைப்பதே நீரை ஆவியாக்கித்தான். ஆகவே உப்பு ஏறும் பிரச்சினையை அது வேகப்படுத்தும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் விசிறியின் பலனும் குறைவு. சில்லர் எனப்படும் குளிரூட்டி வேலையைச் சரியாகச் செய்யும். தொட்டியின் விலையை அது மிஞ்சிவிடுவது வழக்கம், வரவுசெலவு போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் முழுதும் ஏ.சி. ஓடும் அறையிருந்தால் தொட்டியை அங்கே வைப்பது மலிவான தீர்வு. சன்னலோரம் வேண்டவே வேண்டாம்.

மின்வெட்டைச் சொல்லாமல் விடக் கூடாது. பம்ப் நின்றால் நீரோட்டம் நிற்கும், சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீரத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கித் தொட்டிக்கடியில் வைத்துவிடுங்கள். விலை அதிகமில்லை.

மற்றக் கருவிகள் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதில் பாதியை மறுக்கலாம். புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கி, அவற்றில் ஒட்டும் கழிவை நுரையாக வெளியேற்றும் இயந்திரம். கடற்கரையில் அலை ஒதுக்கும் நுரையின் தத்துவமேதான். பெரிய தொட்டிக்கு அது நல்லது. நாலைந்து சிறு மீன்கள் உள்ள நூறு லிட்டர் தொட்டியில், வாரம் 10 முதல் 15 லிட்டர் வரை நீரை மாற்றினாலே அந்த வேலை முடிந்துவிடும். மீன் மட்டும் வளர்க்கிறவருக்கு விலையுயர்ந்த விளக்கும் தேவையில்லை. அது பவளம் வளர்ப்பவர் கவலை.

மீனைத் தேர்ந்தெடுப்பது

"ஒரு லிட்டருக்கு இத்தனை அங்குலம் மீன்" என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. மறந்துவிடுங்கள். மீனின் நீளத்தைவிட அதன் குணமும் பழக்கமும்தான் கணக்கு. முழுதாக வளர்ந்தால் எவ்வளவு இருக்கும், ஓரிடத்தில் தங்குமா அல்லது நாள் முழுதும் நீந்துமா, மற்ற மீனை விரட்டுமா, நாம் போடும் தீனியைத் தின்னுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் எந்த மீனையும் வாங்கக் கூடாது.

முதலில் விலக்க வேண்டியவை. "டோரி" என்று குழந்தைகள் கைகாட்டும் நீல டாங் மீன், கடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருக்கும். வளர்ந்தால் 30 செ.மீ. வரும், பாறைத்திட்டு நெடுக நீந்தித் திரியும் இனம். இரண்டடித் தொட்டியில் அதற்குத் திரும்பக்கூட இடம் போதாது. இந்தியப் பெருங்கடலுக்கே உரிய பவுடர் ப்ளூ டாங்கும் அப்படித்தான், கூடவே நோயும் எளிதில் பிடிக்கும். மாண்டரின் என்ற மீனின் அழகில் மயங்காதவர் குறைவு. ஆனால் அது பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஓட்டுயிரிகளை நாள் முழுதும் கொத்தித் தின்பது. புதிய சிறு தொட்டியில் அந்த இரை சில நாளில் தீர்ந்துவிடும், பிறகு மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். டாம்செல்கள் மலிவு, உறுதியானவை, எதையும் தின்னும். அதனாலேயே புதியவர் தலையில் கட்டப்படுகின்றன. கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த டாமினோ டாம்செல் வளர்ந்து தொட்டியைத் தன் சொத்தாக்கிக்கொண்டு அடுத்து வரும் ஒவ்வொரு மீனையும் துரத்தும். அதைப் பிடித்து வெளியேற்ற மொத்தக் கல்லையும் கலைக்க வேண்டியிருக்கும்.

இனி, ஏற்றவை. கோமாளி மீனில் ஒசெல்லாரிஸ் இனம் புதியவருக்கு மிகப் பொருத்தம். கடைகளில் "நெமோ" என்றாலே அநேகமாக இதுதான். அதிகம் நீந்தாது, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும், குருணைத் தீனியைத் தயங்காமல் தின்னும். இந்தியக் கடலில் அந்தமான் பக்கம் உண்டு. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் செபே கோமாளி வேறு இனம். அது பெரிதாக, முரடாக வளரும், சிறு தொட்டிக்கு ஆகாது. கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி (சீ அனிமோன் என்ற, பூப்போன்ற கடல் விலங்கு) கட்டாயம் என்பது பரவலான தவறான எண்ணம். கடலில் அதன் நஞ்சுக் கைகளுக்குள் ஒளிந்தால்தான் உயிர் பிழைக்கும். தொட்டியில் கோமாளியைத் தின்ன யாரும் இல்லை. கடற்சாமந்திக்கு வலுவான ஒளியும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும், புதியவர் கையில் அது செத்து அழுகினால் தொட்டியையே நஞ்சாக்கிவிடும்.

கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பருவத்துக்கு வருகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் துணை ஆகும். எனவே ஆண், பெண் பார்த்து வாங்கும் கவலை இல்லை. அளவில் வேறுபட்ட இரண்டு குட்டிகளை வாங்கினால் அவையே தீர்த்துக்கொள்ளும். மூன்றாவதை விட்டால் அது அடிவாங்கும். பத்து வருடத்துக்கு மேல் வாழும் மீன் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டதற்காக வாங்கினால், பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் தண்ணீர் மாற்றப்போவது நீங்கள்தான்.

என் மனத்துக்குப் பிடித்தது கோமாளி அல்ல. மஞ்சள் காவல் கோபியும் பிஸ்டல் இறாலும் சேர்ந்த ஜோடிதான். கோபி என்பது நம் கழிமுகங்களில் உளுவை என்று சொல்லும் மீனின் உறவு. பத்து செ.மீ.க்குள் அடங்கும், மணலில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். பிஸ்டல் இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு, ஆனால் ஓயாமல் குழி தோண்டும். இறால் வீடு கட்டும், கோபி வாசலில் காவல் இருக்கும். மணலை வெளியே தள்ள வரும்போதெல்லாம் இறால் தன் உணர்கொம்பு ஒன்றைக் கோபியின் உடலில் வைத்தபடியே வேலை செய்யும். ஆபத்து தெரிந்தால் கோபி வாலை நடுக்கும், இறால் நொடியில் உள்ளே போய்விடும். எந்த நீலத் தொட்டி விளக்கும் தராத காட்சி இது. இறால் தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அறைக்குள்ளேயே கேட்கும். ஒரு எச்சரிக்கை: கற்களை மணலின் மேல் அடுக்காதீர்கள். முதலில் கண்ணாடி அடித்தளத்தில் கல்லை நிறுத்தி, அதைச் சுற்றி மணலை நிரப்புங்கள். இல்லையென்றால் இறால் அடியில் தோண்ட, கல் சரிந்து கண்ணாடியில் விழும்.

இவற்றோடு ஃபயர்ஃபிஷ் ஒன்று சேரலாம். முன்பாதி வெண்மை, பின்பாதி செந்தழல், யார் வம்புக்கும் போகாது. பயந்தால் தொட்டியை விட்டுத் துள்ளிவிடும். வலை மூடி இல்லாத தொட்டியில் ஒருநாள் காலையில் தரையில் கருவாடாகக் கிடக்கும். பங்காய் கார்டினல் மீனும் ஏற்றது. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் இது, தொட்டி வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு 2007-இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும், குஞ்சுகளும் கடலில் மிதந்து வெகுதூரம் பரவுவதில்லை. ஓரிடத்தில் வழித்தெடுத்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பாததன் காரணம் அதுதான். அதே குணத்தால் வளர்ப்பிடத்தில் பெருக்குவது எளிது. வளர்ப்பிடத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கோமாளிக்கும் அதே கேள்வி பொருந்தும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபம் ஊரில் உள்ள மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை நம் கரையிலேயே செய்துகாட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த மீன் குருணைத் தீனிக்குப் பழகியிருக்கும், ஒட்டுண்ணி குறைவாக இருக்கும். கடலில் பிடித்த மீன்களில் சில, சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கப்பட்டவையாக இருக்கும். கடையில் நன்றாகவே நீந்தும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணமே தெரியாமல் சாகும்.

கல்லுக்கும் சட்டம் உண்டு

பழைய கையேடுகள் "லைவ் ராக்" போடச் சொல்லும். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய பவளக்கல் அது. இந்தியாவில் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பாதுகாப்பில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தை எடுத்துவந்தாலும் குற்றம்தான். கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அதே சட்டம். யாராவது "ராமேஸ்வரம் சரக்கு" என்று ரகசியமாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். செயற்கையாக வார்த்த துளைக்கல்லோ பீங்கான் கல்லோ போதும், பாக்டீரியாவுக்கு வேண்டியது துளைதான். சிமென்ட் கலந்து வார்த்த கல்லானால் சில வாரம் நீரில் ஊறவைத்து, பி.எச். ஏறுவது நின்ற பிறகு பயன்படுத்துங்கள்.

கடையிலும் அதற்குப் பிறகும்

பிடித்த மீனைக் காட்டிக் கடைக்காரரிடம் "தீனி போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, உடலில் உப்புத்தூள் தூவியது போல் வெண்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லா மீனையும் ஒரே நாளில் விடக் கூடாது. அம்மோனியா கூடும்போது பாக்டீரியாக்களும் பெருக வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். வரிசையும் முக்கியம்: சாதுவானவை முதலில். கோபியும் இறாலும் குழி தோண்டிக் குடியேறட்டும், பிறகு ஃபயர்ஃபிஷ், கடைசியில் கோமாளி ஜோடி. கோமாளிகள் முன்னால் வந்துவிட்டால் பின்னால் வருபவருக்கு வாடகைக்குக்கூட இடம் தராது. இந்த ஐந்து உயிர்களோடு, பாசி தின்னச் சில நத்தைகளும் இரண்டு மூன்று துறவி நண்டுகளும் இருந்தால் நூறு லிட்டர் நிறைந்துவிட்டது.

முடிந்தால் ஒவ்வொரு புது மீனையும் நான்கு வாரமாவது தனியாக ஒரு சிறு தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். அங்கே மணலும் கல்லும் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். பிரதான தொட்டியில் பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய பஞ்சை இதன் வடிகட்டியில் வைத்தால் இங்கும் அம்மோனியா ஏறாது. வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும் இந்தத் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் மீன் பிழைக்கும், இறாலும் நத்தையும் நண்டும் செத்துவிடும். கல்லிலும் மணலிலும் ஊறிய தாமிரம் எளிதில் போகவும் போகாது.